மலைமேல் இரண்டு கல்லறைகள்

நவம்பர் மாதம் பிறந்ததும் கல்லறைத் திருநாளுக்காக நம் குடும்பங்கள் சொந்த ஊர் திரும்புகின்றன. புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றும் வேளையில் பிள்ளைகளில் யாராவது ஒருவர் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்பார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பதில் பெரும்பாலும் பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கும், கறையானும் வெள்ளிமீனும் விட்டுவைத்திருந்தால்!

திருமணங்களைப் பதிவு செய்ய ஏடு வைக்க வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் பங்குத்தந்தையர்களுக்குக் கட்டளையிட்டது. திருமணம் நடந்ததைத் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்திலும் குறிக்கும் வழக்கம் 1908 முதல் திருச்சபை முழுவதற்கும் சட்டமானது. ஆகவே நம் முன்னோர் ஒருவரின் திருமுழுக்கு வரியைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் ஓரத்திலேயே அவர் எங்கே, எப்போது திருமணம் செய்தார் என்பதற்கான துப்பும் கிடைக்கலாம். ஓரக்குறிப்பைப் படிக்காமல் ஏட்டை மூடிவிடுகிறவர்கள் நம்மில் பலர்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி ஏடு கிடைப்பதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழ்ந்து மறைந்த ஜெஸ்ஸி பிராண்டை எடுத்துக்கொள்வோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இங்கிலாந்திலிருந்து 1907இல் வந்த பாப்டிஸ்ட் சபை ஊழியர். 1885இல் பிறந்தவர், கட்டட வேலை தெரிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கான மருத்துவத்தை லண்டனில் ஓராண்டு கற்றிருந்தார். முழு மருத்துவர் என்று சொல்ல முடியாது. அந்த ஓராண்டுப் படிப்பே மலைமக்களுக்குப் பெரும் உதவியானது.

1913 ஆகஸ்டில் அவர் ஈவ்லின் ஹாரிஸ் என்பவரை மணந்தார். அக்காலச் சென்னை மாகாணத்தில் நடந்த ஆங்கிலேயரின் திருமணப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அந்தத் தொகுதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இத்தகைய பதிவுகளில் மணமக்களின் வயது, தொழில், தந்தையர் பெயர் என்று கட்டங்கள் உண்டு. மணமகனுக்கு 28, மணமகளுக்கு 34. வயதுக் கட்டம் சொல்வது அவ்வளவுதான். லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்த அந்தப் பெண், திருமணம் முடிந்த கையோடு மழையில் நனைந்தபடி மலையேறிப் புது வாழ்வைத் தொடங்கியதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடைதான், அல்லது டோலி.

1914 ஜூலை 17 அன்று மகன் பால் பிறந்தார். நம் குடும்பங்களில் குழந்தை பிறந்தால் சில வாரங்களிலேயே திருமுழுக்கு ஏட்டில் பெயர் ஏறிவிடும். பாப்டிஸ்ட் சபையாரோ குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுப்பதில்லை. எனவே அத்தகைய குடும்பங்களில் பிறப்பைத் தேடுவோர் கோவில் ஏட்டில் தேடிக் களைப்பது வீண். அரசின் பிறப்புப் பதிவையும் மிஷன் சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும் பார்க்க வேண்டும். வேறு சபையிலிருந்து வந்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறோம்.

ஜெஸ்ஸி மலையில் பள்ளிகள் தொடங்கினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பழமரங்கள் வளர்த்தார். நரம்புச் சிலந்திப் புழுவைச் சதையிலிருந்து மெல்ல மெல்ல இழுத்து எடுப்பது அவருடைய அன்றாட வேலை. அது குடிநீர் வழியாகப் பரவும் நோய் என்பதால் கிணறுகளுக்குச் சுவர் கட்டவும் முனைந்தார். இந்தியா அந்த நோயிலிருந்து முற்றிலும் விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது 2000இல்தான்.

இத்தனை செய்தும் பல ஆண்டுகள் மலைமக்களில் ஒருவர்கூட அவருடைய சபையில் சேரவில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் அவ்வூர்ப் பூசாரி. முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய கொடிய காய்ச்சல் மலையையும் தொட்டபோது அந்தப் பூசாரியும் மனைவியும் நோயில் விழுந்தார்கள். பிறர் அருகே வர அஞ்சினார்கள். பிராண்ட் தம்பதியர் கஞ்சி கொடுத்துப் பணிவிடை செய்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். அவருடைய பெண் குழந்தை ரூத் என்ற பெயரில் அந்த வீட்டில் வளர்ந்தாள்.

இங்கே சற்று நிற்கலாம். உயில்களை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் பெறும் ‘புரோபேட்’ பதிவுகள் முன்னோரைத் தேடுவோருக்குப் பெரும் புதையல். இங்கிலாந்தில் 1858 முதல் அவற்றுக்கு ஆண்டுவாரிப் பட்டியலே உண்டு. சொத்தின் மதிப்பும் பொறுப்பாளரின் பெயரும் அதில் கிடைக்கும். ஆனால் இந்தப் பூசாரி விட்டுச்சென்றது பிள்ளைகளை. பெற்றுக்கொண்டவரோ அவர் நாள்தோறும் எதிர்த்த மனிதர். உயில் என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான பொருள் நமக்குத் தோன்றவில்லை.

1923இல் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு ஜெஸ்ஸி தவறாமல் கடிதம் எழுதினார். 1929 ஜூன் 15 அன்று கருநீர்க் காய்ச்சல் அவரை மடக்கியது. வயது 44. இங்கிலாந்துக்குத் தந்தி உடனே போய்விட்டது. கப்பலில் வந்த கடிதங்களோ மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன. ஆகவே தந்தை இறந்த செய்தி தெரிந்த பிறகும், மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி அவர் எழுதியவை மகன் கைக்கு வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதுகூட நிரம்பாத அந்தப் பையன் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட். இறப்புப் பதிவில் நாளும் காரணமும் இருக்கும். கடிதங்களைப் பாதுகாத்த வீடு மட்டுமே இந்த ஒரு மாத வேதனையை நமக்குச் சொல்ல முடியும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தகரப் பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஈவ்லின் மீண்டும் இந்தியா வந்தார். மிஷன் சங்கம் அவரைச் சமவெளியில் பணியாற்ற வைத்தது. எழுபதை நெருங்கியபோது ஓய்வு பெற்றுக்கொண்டு, யாரும் அனுப்பாமல் தாமாகவே மலைக்கு ஏறினார். இடுப்பெலும்பு முறிந்த பின்னும் இரு கைகளில் மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரை மீதும் சிற்றூர்களுக்குப் போய்வந்தார். 1974 டிசம்பர் 18 அன்று, 95ஆம் வயதில் இறந்தார். உடலைக் கொல்லிமலைக்கு எடுத்துச் சென்று, 45 ஆண்டுகளுக்கு முன் கணவரை அடக்கம் செய்த இடத்திற்கு அருகிலேயே புதைத்தார்கள்.