விண்ணை வலம் வந்த யூரி ககாரின்

விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் என்னும் அழியாப் புகழ் பெற்றவர் யூரி ககாரின். இவர் 1934-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் ரஷ்யாவில் குளூஷினோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர், தாய் பால் பண்ணையில் வேலை செய்தவர்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படை அவ்வூரைக் கைப்பற்றியது. வீட்டைப் பறிகொடுத்த குடும்பம் பின்புறத்தில் மண்குடிசை அமைத்துத் தங்கியது. அண்ணனையும் அக்காளையும் படையினர் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றனர். போர் முடிந்த பிறகே அவர்கள் திரும்பினர்.

தடைப்பட்ட கல்வியை ககாரின் கைவிடவில்லை. 1949-இல், தமது 15-ஆம் வயதில், வார்ப்பட வேலை கற்கத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். மாலையில் உழைப்பாளர் பள்ளியிலும் படித்தார். பின்பு சரத்தோவ் நகரில் தொழில்நுட்பம் பயின்றபோது விமானம் ஓட்டப் பழகினார். 1957-இல் ஒரென்பர்க் விமானப் பள்ளியில் தேறினார்.

அக்காலத்தில் இளம் விமானிகளுக்கு ‘ஷ்தூர்மன்ஸ்கியே’ என்னும் கைக்கடிகாரம் அளிக்கப்பட்டது. மாஸ்கோ முதல் கடிகாரத் தொழிற்சாலையில் உருவான அது, கடைகளில் கிடைக்காது. சாவி கொடுத்தால்தான் ஓடும். அதைக் கட்டிக்கொண்டே 1961 ஏப்ரல் 12 அன்று அவர் வோஸ்தோக் கலத்தில் ஏறினார். உயிருடன் திரும்புவாரா என்பது எவருக்கும் தெரியாது. 108 நிமிடப் பயணத்தில் பூமியை ஒருமுறை சுற்றி வந்தார். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைவிட்டு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கினார். வயலில் நின்ற ஒரு மூதாட்டியும் பேத்தியும் அவருடைய ஆரஞ்சு நிற உடையைக் கண்டு அஞ்சினர். தாமும் அந்நாட்டவரே என்று கூறி அவர்களைத் தேற்றினார். அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவுக்கும் வந்து பிரதமர் நேருவைச் சந்தித்தார்.

கொமரலிங்கத்தில் எங்கள் வீட்டிலும் தாத்தா விட்டுச் சென்ற சோவியத் கைக்கடிகாரம் ஒன்று உண்டு. பழுது பார்ப்பவர் அதன் பின்மூடியைத் திறந்தபோது வியந்தேன். உலோகத் தகடுகளில் உழுத சால்போல் சீரான மெல்லிய கோடுகள். அச்சுகள் தேயாமல் சுழலச் சிவப்புக் கற்கள். ஓயாது ஆடும் சிறு சக்கரம்! கையில் கட்டியவர் கண்ணுக்கே படாத இடத்தில் இத்தனை நேர்த்தி எதற்கு? செய்தவர் தம் வேலையை மதித்ததே காரணம் என எண்ணுகிறேன்.

ககாரினின் வாழ்வும் அத்தகையதே. உலகம் கண்டது 108 நிமிடங்களை; காணாதது மண்குடிசையிலும் வார்ப்படச் சாலையிலும் பயிற்சிக் களத்திலும் கழிந்த ஆண்டுகளை. 1968 மார்ச் 27 அன்று பயிற்சி விமானம் விழுந்து, 34 வயதில், மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் விட்டு மறைந்தார்.

மாணவியராகிய நாமும் பிறர் பார்க்கும்போது மட்டுமன்றி, பாராதபோதும் நம் கடமையைச் செம்மையாகச் செய்வோமாக!