பேரக்குழந்தைகளின் தோழர் விக்டர் ஹியூகோ

ஈகை என்பது மிகுந்த செல்வத்தில் ஒரு சிறு பகுதியைக் கிள்ளிக் கொடுப்பது அன்று. நம் வீட்டுக் குழந்தைக்கு எந்த அன்போடு ஊட்டுகின்றோமோ, அந்த அன்போடு பிறர் குழந்தைக்கும் ஊட்டுவதே ஈகையாகும். இதனைத் தம் இல்லத்திலேயே நடத்திக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டுப் பெரும் புலவர் விக்டர் ஹியூகோ. அவர் எழுதிய பெருங்கதையைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்னும் பெயரால் தமிழில் தந்தார். 1950-ஆம் ஆண்டில் அது நாகையா நடித்த திரைப்படமாகவும் வந்தது. அதில் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன்பின் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். எனவே ஹியூகோவின் கதை தமிழருக்குப் புதிதன்று. ஆனால் அக்கதையை எழுதியவர் தம் வீட்டில் எத்தகைய தந்தையாகவும் பாட்டனாராகவும் விளங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே.

இல்லறமும் முதல் துயரமும்

ஹியூகோ 1802-ஆம் ஆண்டு பெசன்சோன் நகரில் ஒரு படைத்தலைவரின் மகனாகப் பிறந்தார். 1822-இல் அதேல் என்னும் மங்கையை மணந்தார். ஐந்து மக்கள் பிறந்தனர். தலைமகன் பால்மணம் மாறுமுன்பே மறைந்தான். எஞ்சியோர் லெயோபோல்தீன், சார்ல், பிரான்சுவா விக்டர், தாயின் பெயரையே பெற்ற இளைய மகள் அதேல் ஆகிய நால்வர்.

எழுதும் அறைக்குள் குழந்தைகள் நுழைந்தால் சினந்து துரத்தும் புலவர் உண்டு. ஹியூகோவோ அவர்களை வரவேற்றார். மூத்த மகள் லெயோபோல்தீன் காலைதோறும் அவர் அறைக்குள் ஓடி வருவாள். நூல்களைத் திறப்பாள், தாள்களைக் கலைப்பாள், எழுதி வைத்த ஏட்டின்மேல் கோடுகள் கிறுக்குவாள். அவள் கிறுக்கிய தாள்களிலேயே தம் இனிய பாடல்கள் பிறந்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மாலையில் குழந்தைகளைச் சுற்றி அமரவைத்துக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பார்.

அந்த மகள் 1843-ஆம் ஆண்டு தன் பத்தொன்பதாம் வயதில், மணமாகி ஏழு திங்களே ஆகியிருந்த நிலையில், செய்ன் ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தாள். அவளைக் காக்க முயன்ற கணவனும் உடன் மாண்டான். அப்போது பயணத்தில் இருந்த தந்தை, வழியில் ஓர் ஊரில் செய்தித்தாளைப் பிரித்தபோதுதான் இதனை அறிந்தார். பெற்றவர்க்கு இதனினும் கொடிய செய்தி வேறு உண்டோ? அதன்பின் பத்தாண்டுக் காலம் அவர் கவிதை நூல் எதனையும் வெளியிடவில்லை.

பிறர் மக்களும் தம் மக்களே

துயரம் சிலரைத் தம்முள்ளேயே ஒடுங்கச் செய்யும். சிலருக்குப் பிறர் துயரைக் காணும் கண்ணைக் கொடுக்கும். ஹியூகோவுக்குக் கிட்டியது இரண்டாவது. 1849-இல் சட்டமன்றத்தில் எழுந்து வறுமையை ஒழிக்க வேண்டும் என்று முழங்கினார். 1851-இல் லில் என்னும் நெசவு நகரத்திற்குச் சென்று, ஆலைத் தொழிலாளர் குடியிருந்த நிலவறைகளுக்குள் தாமே இறங்கிப் பார்த்தார். ஈரச் சுவர்களுக்கிடையே வைக்கோலில் கிடந்த குழந்தைகளைக் கண்டார். விடியல் முதல் இருள் வரை இயந்திரத்தின் அடியில் தேயும் சிறுவர்களைக் குறித்து உள்ளம் உருகக் கவிதை பாடினார். நூலாலையில் உழைத்துக் காலங்கழித்த என் போன்றோர் இதனை அறியும்பொழுது, எங்கோ பிறந்த ஒருவர் நம் வீட்டிற்குள் வந்து நலம் கேட்டதுபோல் உணர்கின்றோம்.

அதே ஆண்டின் இறுதியில் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்து ஆட்சியைக் கைப்பற்றினான். எதிர்த்து நின்ற ஹியூகோ நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகள் அயல் மண்ணில் வாழ்ந்தார். அவற்றுள் பெரும்பகுதி கெர்ன்சித் தீவில் கழிந்தது. 'ஏழை படும் பாடு' வெளிவந்த 1862-ஆம் ஆண்டில், அத்தீவின் ஏழைக் குழந்தைகளை வாரந்தோறும் தம் இல்லத்திற்கு அழைத்து விருந்தளிக்கத் தொடங்கினார். முதலில் சிலராக வந்தோர் நாளடைவில் நாற்பதின்மர் ஆயினர். இன்ன சமயத்தார் என்ற வேறுபாடு அங்கு இல்லை. பிச்சையிடுவதுபோல் வாயிலில் நிறுத்தாமல், உள்ளே அமரவைத்து நல்ல இறைச்சி உணவு தந்தனர், பரிமாறியவர்கள் வீட்டாரே. கிறிஸ்துமஸ் நாளில் ஆடைகளும் பொம்மைகளும் வழங்கப்பட்டன. பசிக்குச் சோறு போதும் என்று எண்ணாமல், ஏழைக் குழந்தைக்கும் பொம்மை வேண்டும் என்று எண்ணிய அந்த உள்ளமே பெரிது.

குறையும் கூறத் தகும்

பெரியோரைப் போற்றுங்கால் குறையை மறைத்தல் நேர்மையாகாது. ஜூலியத் துரூவே என்னும் மாதுடன் ஐம்பது ஆண்டுகள் கொண்டிருந்த உறவினால் அவர் மனைவிக்கு மனவருத்தம் விளைவித்தார். தம் கொள்கைக்காகத் தாம் ஏற்ற தனிமையைக் குடும்பத்தார் அனைவரும் சுமக்க நேர்ந்தது. இளைய மகள் அதேல் அத்தீவில் வாடினாள். 1863-இல், தன்னை விரும்பாத ஓர் ஆங்கில அதிகாரியைத் தேடிக் கடல் கடந்து சென்றாள். மனம் பேதலித்த நிலையில் 1872-இல் திரும்பியவள், 1915-இல் இறக்கும்வரை மனநோயாளர் இல்லத்திலேயே வாழ்ந்தாள். ஊரார் குழந்தைகளுக்கு விருந்திட்ட வீட்டில் சொந்த மகளின் வாட்டம் உரிய காலத்தில் உணரப்படவில்லை. தந்தையர் யாவரும் நெஞ்சில் கொள்ளத்தக்க எச்சரிக்கை இது.

பாட்டனார்

1870-இல் அவர் பாரிசுக்குத் திரும்பினார். மனைவி இரண்டாண்டுகட்கு முன்பே காலமாகியிருந்தார். 1871 மார்ச்சுத் திங்களில் மகன் சார்ல் திடீரென இறந்தார். அடக்கம் நிகழ்ந்த நாள், பாரிசு மக்கள் கிளர்ந்தெழுந்த நாள். வீதிகளை அடைத்து நின்ற கிளர்ச்சியாளர்கள், மகனின் உடலுக்குப் பின்னே நடந்து வந்த முதியவரைக் கண்டு வழிவிட்டு வணங்கினர்.

சார்ல் விட்டுச் சென்ற குழந்தைகள் இருவர்: ஜார்ஜ் என்னும் பேரனும் ஜான் என்னும் பேத்தியும். அவ்வாண்டு மே மாதம், கிளர்ச்சியில் தோற்று ஓடிவருவோர்க்குப் பிரசல்சு நகரில் தாம் தங்கியிருந்த வீட்டில் அடைக்கலம் தருவதாக ஹியூகோ அறிவித்தார். இரவில் ஒரு கூட்டம் வந்து அவ்வீட்டின்மீது கல்லெறிந்தது. உள்ளே அச்சிறு குழந்தைகளும் இருந்தனர். பெல்ஜிய அரசோ அவரையே நாடு கடத்தியது. ஆயினும் அவர் தம் சொல்லை மீட்டுக்கொள்ளவில்லை. 1873-இல் எஞ்சிய மகன் பிரான்சுவா விக்டரும் மறைந்தார்.

இத்தனை இழப்புகளுக்குப் பின் ஒருவர் சிரிப்பை மறந்திருந்தால் வியப்பில்லை. ஹியூகோவோ பேரக்குழந்தைகளோடு தாமும் ஒரு குழந்தையானார். கதைகள் புனைந்து சொல்வார். மக்களை வருத்திய தீய அரசனை ஒரு நல்ல தெள்ளுப்பூச்சி கடித்துக் கடித்துத் திருத்திய கதை அவற்றுள் ஒன்று. விலங்குகளைக் காட்ட அவர்களைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வார். ஒருநாள் ஜான் செய்த குறும்பிற்காக, அவளுக்கு வெறும் ரொட்டி மட்டும் கொடுத்து இருட்டறையில் வைத்தனர். பாட்டனார் யாரும் அறியாமல் பழப்பாகுக் குப்பி ஒன்றை எடுத்துச் சென்று அவளிடம் தந்தார். வீட்டார் கண்டுபிடித்து, இவரால் ஒழுங்கே கெடுகின்றது என்று குறைகூறினர். தம்மையும் அவ்வாறே தண்டிக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். உடனே பேத்தி அவர் காதருகே வந்து, அப்படியானால் தான் பழப்பாகு கொண்டு வருவதாக மெல்ல உறுதி கூறினாள்! இதனை அவரே பாட்டாக்கினார். 1877-இல் வெளிவந்த, பாட்டனாராய் இருக்கும் கலை என்னும் பொருள்படும் நூலில் அது இடம்பெற்றது.

1881-இல் அவர் எண்பதாம் அகவையில் அடியெடுத்து வைத்தபோது, பல இலட்சம் மக்கள் அவர் வீட்டின் முன்னே அணிவகுத்துச் சென்றனர். அவர் பேரக்குழந்தைகளை அருகில் நிறுத்திக்கொண்டு சாளரத்தில் நின்றார். அவ்விழாவை முன்னிட்டுப் பள்ளிச் சிறுவர்களின் தண்டனைகள் நீக்கப்பட்டன. பழப்பாகு எடுத்துச் சென்ற பாட்டனாருக்கு இதனினும் பொருத்தமான சிறப்பு ஏது?

இறுதி

1885 மே 22-இல், எண்பத்து மூன்றாம் வயதில், ஹியூகோ காலமானார். ஏழைகளுக்கு ஐம்பதாயிரம் பிராங்கு வழங்குமாறும், தம் உடலை ஏழைகளின் பிணவண்டியிலேயே கொண்டு செல்லுமாறும் எழுதி வைத்திருந்தார். அவ்வாறே ஜூன் 1-ஆம் நாள், அணியேதும் இல்லாத அந்த எளிய வண்டி பாரிசு வீதிகளில் சென்றது. அதன் பின்னே பதினாறு வயதுப் பேரன் ஜார்ஜ் நடந்தான். சூழ்ந்து நின்றோர் இருபது இலட்சம் பேர் என்பர்.

அன்பர்களே, நம் வீடுகளில் பொன்னும் பொருளும் மிகுதியாய் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரு கதையும், ஒரு சிரிப்பும், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து ஒரு கவளமும் எவரிடம் இல்லை? இன்று மாலை வேலை முடித்து வீடு திரும்பும்போது, சோர்வை வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுக் குழந்தைகள் நடுவே சற்று அமருங்கள். அவர்களுள் எவள் வாடியிருக்கின்றாள் என்பதையும் பாருங்கள்.