ஆற்று மணலில் பாடம் படித்த பொறியாளர்



நம்ம வையம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. பொன்னணியாறு அணை நிறையாத வருஷங்களையும் நாம் பார்த்தவர்கள்தான். தண்ணியோட அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தத் தண்ணீருக்காகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1821-ல் சென்னைக்கு வந்தபோது வயது 18. கம்பெனியின் ராணுவப் பொறியாளர்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம், காவிரியோ மணல் சேர்ந்து மேடாகிவிட்டது. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்? வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போக, தஞ்சை வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் தலைப்பில் அணை கட்டினால்தான் விமோசனம். ஆனால் அடியில் பாறை இல்லை. எங்கும் மணல்!

விடை பக்கத்திலேயே இருந்தது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை, பாறை அஸ்திவாரம் இல்லாமலே நூற்றாண்டுகளாக நின்றது. பெரிய கற்களை மணலில் இறக்கி, அவை அமிழ்ந்து நிலைத்த பிறகு மேலே கட்டிய வேலை அது. இந்த வித்தையை நம்மவர்களிடமே கற்றதாகக் காட்டன் பின்னாளில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

1836-ல் தொடங்கி மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. பிறகு காவிரியில் தண்ணீர் அளவுக்கு மேல் புகுந்து படுகையை அரித்தது. உடனே மேலணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. காவிரித் தலைப்பிலும் கட்டுமானம் வந்தது. ஆறு சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள்!

மணலில் கற்ற பாடம் கோதாவரிக்குப் போனது. 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். பஞ்சம் தின்ற அந்த மண் நெற்களஞ்சியம் ஆனது. ஆந்திர விவசாயிகள் இன்றும் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். 1899-ல், 96-வது வயதில், காட்டன் மறைந்தார்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளில் 9 உடைந்து போயின. பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது. கட்டுவதோடு வேலை முடிவதில்லை, காப்பதும் பொறியாளன் கடமை என்று அந்த இரவு சொல்லிவிட்டுப் போனது.

நாளைக்கு டம்பி லெவலைத் தோளில் தூக்கப்போகும் நண்பர்களே, முதல்ல நம்மூர்க் குளத்துக்குப் போங்க. மடை திறக்கிற பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்க. காட்டன் கேட்டார், அதனால்தான் கட்டினார்.