கிஃப்ட் சிரோமணி

கிஃப்ட் சிரோமணி (1932 - 1988) தமிழகத்தைச் சேர்ந்த புள்ளியியல் பேராசிரியரும் கணினியியல் ஆய்வாளரும் ஆவார். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் துறைத் தலைவராகப் பணியாற்றினார். தமிழ்நாட்டு வாசல்களில் இடப்படும் கோலங்களைக் கணினியியலின் முறைசார் மொழிக் கோட்பாட்டைக் கொண்டு ஆராய்ந்தவர்களுள் முன்னோடி எனக் கருதப்படுகிறார். மாமல்லபுரச் சிற்பங்கள், பண்டைய தமிழ் எழுத்துகள், சிந்துவெளிக் குறியீடுகள் ஆகியன குறித்தும் அளவியல் முறையிலான ஆய்வுகளை வெளியிட்டுள்ளார்.

வாழ்க்கையும் சூழலும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 ஆம் ஆண்டில் சென்னை நகரின் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. தாம்பரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 இல் மீண்டும் அமைக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்திலும் இடம்பெற்றது. புதர்க்காடு சூழ்ந்த அக்கல்லூரி வளாகமே சிரோமணியின் பணிக்களமாக இருந்தது. தாம்பரம் பகுதியின் பறவைகளையும் அவர் உற்றுநோக்கி எழுதினார்.

இவருடைய மனைவி இராணி சிரோமணி (1929 - 2019) முறைசார் மொழிக் கோட்பாட்டில் புகழ்பெற்ற அறிஞர் ஆவார். கோலம் பற்றிய ஆய்வுகள் பலவற்றை இருவரும் இணைந்தே எழுதினர். பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராக விளங்கிய கமலா கிருத்திவாசன் அவர்களுடைய தொடக்ககால ஆய்வுகளில் பங்கேற்றவர் ஆவார்.

தமிழ் உரைநடை ஆய்வு

கிளாடு ஷானன் 1948 இல் தகவல் கோட்பாட்டை வகுத்தார். ஒரு மொழியில் அடுத்து வரும் எழுத்தை எந்த அளவிற்கு முன்கூட்டியே ஊகிக்க இயலும் என்பதை என்ட்ரோப்பி என்னும் அளவு காட்டுகிறது. ஊகிக்க எளிதாயின் அளவு குறையும், கடினமாயின் கூடும். ஷானன் ஆங்கிலத்திற்குச் செய்த இக்கணிப்பைப் போன்று தமிழ் உரைநடைக்குச் செய்து 1963 இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் சிரோமணி வெளியிட்டார். கணினி அரிதாயிருந்த காலத்தில் தமிழை அளவிடத்தக்க பொருளாகக் கொண்ட முயற்சி இது என்பது குறிப்பிடத்தக்கது.

கோலங்களும் அணி இலக்கணங்களும்

நோம் சோம்சுக்கி 1950களில் உருவாக்கிய இலக்கண முறை, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எண்ணற்ற சொற்றொடர்களை உருவாக்குவது. அத்தொடர்கள் ஒரே வரியில் அமைபவை. ஆனால் படம் நீளமும் அகலமும் உடையது. படங்களுக்கு இலக்கணம் வகுக்க முடியுமா என்ற வினாவை 1960களில் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஆர். நரசிம்மன் முதலியோர் ஆராய்ந்தனர்.

சிரோமணி இணையர் கமலா கிருத்திவாசனுடன் 1972 இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விடை தந்தனர். முதலில் ஓர் இலக்கணம் கிடைவரிசையில் குறியீடுகளை உருவாக்கும். பின்னர் அவ்வரிசையின் ஒவ்வொரு குறியீடும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி ஒரு நிரலாக வளரும். எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் முடிவதால் முழுமையான செவ்வக அணி கிடைக்கிறது. 1973 ஆம் ஆண்டுக் கட்டுரையில் சிறு அணிகளைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒட்டிப் பெரிய அணிகளை உருவாக்கும் விதிகளை அமைத்தனர். உயரமோ அகலமோ பொருந்தினால் மட்டுமே ஒட்டலாம் என்பது இதன் கட்டுப்பாடு. புள்ளிக் கோலங்கள் சிறிய வடிவிலிருந்து படிப்படியாகப் பெரிதாவதற்கு இம்முறை பொருந்தியது. 1974 இல் வெளிவந்த கட்டுரை கோலத்தைத் தலைப்பிலேயே கொண்டிருந்தது.

இவ்விலக்கணங்கள் உருவாக்கும் படத்தொகுதிகளுள் எது எதனை உள்ளடக்குகிறது என்று ஒப்பிடுவது இத்துறையின் அடிப்படை வேலையாகும். ஒன்று மற்றொன்றை உள்ளடக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று உள்ளடக்காமலும் இருக்கலாம். இவ்வகை அமைப்பைக் கணிதத்தில் பகுதி வரிசைக் கணம் என்பர். எந்தக் கோலத்தை வரைய எவ்வளவு வலிமையுள்ள இலக்கணம் தேவை என்பதை இந்த வரிசையே காட்டுகிறது.

கம்பிக் கோலம்

புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிக் கோலத்தை அணியாக எழுதுவது எளிதன்று. அதனைக் கோட்டுருவாகக் கருதலாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு முனை. அம்முனையில் நான்கு கோடுகள் சந்திக்கின்றன. எல்லா முனைகளிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் இணைந்த கோட்டுருவைக் கையெடுக்காமல் வரையலாம் என்பது ஆய்லர் 1736 இல் தொடங்கிவைத்த கோட்பாடு. ஆனால் கம்பிக் கோலத்தில் வெட்டுமிடத்தில் திரும்பாமல் நேரே செல்ல வேண்டும். ஆகவே ஒரே கம்பியில் முடியும் கோலங்களும் உண்டு. பல கம்பிகள் தேவைப்படும் கோலங்களும் உண்டு.

அமெரிக்கக் கணினியியலாளர் அசிரியேல் ரோசன்ஃபெல்டு அறிமுகப்படுத்திய சுழல் இலக்கணங்களைச் சிரோமணி இணையர் இக்கோலங்களுக்குப் பயன்படுத்தினர். தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டமாகக் குறியீடுகளை அமைத்து, ஒவ்வொரு குறியீட்டையும் நேரே செல்லுதல், வளைந்து திரும்புதல் போன்ற ஒரு கை நகர்வாகப் பொருள்கொள்வது இம்முறை. இது கோட்டுரு இலக்கணங்கள் பற்றிய பன்னாட்டுத் தொகுப்பில் 1987 இல் வெளியானது.

எழுத்தறியாப் பெண்களும் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாற்றிய ஒரு கலை, வீட்டு வேலையாகவே எண்ணப்பட்டு வந்தது. அதில் ஒழுங்கான கணக்கீட்டு முறை அடங்கியுள்ளது என்பதை இவ்வாய்வுகள் நிறுவின. கோலம் என்ற தமிழ்ச்சொல்லும் கணினியியல் ஆய்விதழ்களில் இடம்பெற்றது.

மாமல்லபுரம்

மாமல்லபுரச் சின்னங்களை எழுப்பியோர் யார் என்பது பெரும் விவாதத்திற்குரியது. மகேந்திரவர்மன் தொடங்கிப் பல பல்லவ மன்னர் காலத்தில் அவை உருவாயின என்ற கருத்து நிலவியது. அவை அனைத்தும் இராசசிம்மனின் படைப்புகளே என்று இரா. நாகசாமி 1962 இல் வாதிட்டார். சிரோமணி 1970 இல் கல்லூரி இதழில் மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்கள் பற்றி விரிவாக எழுதினார். மன்னர்தம் பட்டப்பெயர்களை மட்டும் நம்பாமல், சிற்பங்களில் காணப்படும் சிறு கூறுகளைப் பட்டியலிட்டு ஒப்பிடுவது அவர் வழி. 1980 இல் பகவன்தாசு, கோவிந்தராசு ஆகியோருடன் பல்லவச் சிற்பங்களின் அளவு விகிதங்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்.

எழுத்துகளும் சிந்துவெளியும்

அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி கண்டறியும் முறை ஒன்றைச் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1978 இல் வெளியிட்டனர். ஒவ்வோர் எழுத்தும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாற்றப்பட்டு, குறியீட்டுத் தொடராக்கப்பட்டு, முன்னரே சேமித்த அகராதியுடன் ஒப்பிடப்பட்டது. பிராமி எழுத்துகளுக்கான ஆய்வு 1983 இல் வந்தது. திருக்குறளைப் பண்டைய எழுத்து வடிவங்களில் தரும் நூல் 1980 இல் வெளியிடப்பட்டது.

ஐராவதம் மகாதேவன் 1977 இல் வெளியிட்ட சிந்துவெளிக் குறியீட்டுத் தொகுப்பு, புள்ளியியல் ஆய்வுக்கு வழி திறந்தது. சிரோமணியும் அப்துல் ஹக்கும் நீண்ட குறியீட்டுத் தொடர்களை எங்கே பிரிப்பது என்று ஆராய்ந்தனர். பத்துக் குறியீடுகள் கொண்ட தொடரை 512 வகையாகப் பிரிக்கலாம். அவை அனைத்தையும் சோதிக்காமல், முதல் குறியீடு வரை, இரண்டாம் குறியீடு வரை எனச் சிறந்த பிரிவைப் படிப்படியாகக் கண்டு சேர்த்துவைக்கும் இயங்குநிலை நிரலாக்க முறையை அவர்கள் கையாண்டனர். இது ஒரு கோட்டுருவில் சிறந்த பாதையைத் தேடுவதற்கு ஒப்பானது. குறியீடுகளின் ஒலியையோ பொருளையோ முன்கூட்டியே ஊகிக்க வேண்டிய தேவை இதில் இல்லை. இக்கட்டுரை அவர் மறைந்த 1988 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

நினைவு

கோட்பாட்டுக் கணினியியல் பற்றிய நினைவுத் தொகுப்பு ஒன்று ஆர். நரசிம்மனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1989 இல் வெளியானது. கம்பிக் கோலம் பற்றிய கட்டுரையும் அதில் இடம்பெற்றது. சிறுசேரியில் அமைந்த சென்னைக் கணிதவியல் கழகத்தின் இணையதளத்தில் இவருடைய கட்டுரைகள் பல தொகுக்கப்பட்டன. இவர் மறைவுக்குப் பின்னரும் இராணி சிரோமணியும் அவர்தம் மாணவர்களும் படமொழி ஆய்வைத் தொடர்ந்தனர். சிரோமணி அணி இலக்கணம் என்னும் பெயர் அத்துறையில் நிலைத்துள்ளது.