நாடு போனது, ஏடு நின்றது!

அவர் தஞ்சாவூர் மன்னர். ஆனால் அவருக்குப் படை இல்லை. வரி வாங்கும் அதிகாரம் இல்லை. கோட்டையைத் தாண்டினால் ஆட்சியும் இல்லை.

ஆனாலும் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காரணம், அவர் சேர்த்து வைத்த புத்தகங்களும் படங்களும்!

அவர்தான் இரண்டாம் சரபோஜி.

சுவீகாரப் பிள்ளை

சரபோஜி 1777-ம் ஆண்டு பிறந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர் துளஜா. அவருக்கு வாரிசு இல்லை. 1787-ல் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில் துளஜா காலமானார்.

சரபோஜிக்கு அப்போது சிறு வயதுதான். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா அமர்சிங் அரியணை ஏறினார். சரபோஜி அரண்மனையில் அடைபட்டுக் கிடந்தார்.

அவருக்குத் துணை நின்றவர் ஜெர்மனியிலிருந்து வந்த சுவார்ட்ஸ் பாதிரியார். பிள்ளையின் பாதுகாப்பைக் கருதி, 1793-ல் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆங்கிலமும் மேல்நாட்டுக் கல்வியும் கற்றார் சரபோஜி.

பண்டிதர்களின் தீர்ப்பு பிறகு மாறியது. 1798 ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். ஆனால் அதைக் காண சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையை மன்னர் பற்றியிருப்பது போன்ற பளிங்குச் சிற்பம் ஒன்றைச் சரபோஜி செய்வித்தார். தஞ்சையில் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அது இருக்கிறது.

பெயருக்கு மன்னர்

மறு ஆண்டே, 1799-ல், கிழக்கிந்தியக் கம்பெனியார் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். அவ்வளவுதான்.

22 வயது வாலிபர். கை நிறையப் பணம். செய்ய வேலை இல்லை. வேறு ஒருவராக இருந்தால் ஆடலிலும் பாடலிலும் பொழுது போயிருக்கும்.

சரபோஜி புத்தகம் வாங்கினார்! ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். தம் கையாலேயே கையெழுத்திட்டு வைத்தார். 1820-ல் சுமார் 3,000 பேரோடு காசி யாத்திரை போனார். அங்கேயும் சுவடிகளைத் தேடினார்.

கொக்கின் கால்

தஞ்சாவூர் ஓவியம் என்றால் சாமி படம்தான் நினைவுக்கு வரும். பலகையில் துணி ஒட்டுவார்கள். கல் பதிப்பார்கள். தங்கத் தகடு ஒட்டுவார்கள்.

சரபோஜியின் ஓவியர்களுக்கு வேறு ஒரு வேலையும் வந்தது. பறவைகளையும் விலங்குகளையும் காகிதத்தில் வரைய வேண்டும். இங்கே தங்கம் வேண்டாம். உள்ளது உள்ளபடி இருந்தால் போதும்.

அது சுலபமா? நம் வயலில் நிற்கும் கொக்கையே பாருங்கள். சின்னக் கொக்கும் வெள்ளை. உண்ணிக் கொக்கும் வெள்ளை. முன்னதற்கு அலகு கறுப்பு, காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பின்னதற்கு அலகு மஞ்சள். மடையான் உட்கார்ந்திருந்தால் மண் நிறம். பறந்தால் இறக்கை வெள்ளை. முட்டையிடும் பருவத்தில் அதன் முதுகே கருஞ்சிவப்பாகிவிடும்!

அப்போது புகைப்படக் கருவி கிடையாது. பறவையைப் பாடம் செய்து வைத்தால் இறகு கெடாது. ஆனால் காலின் நிறமும் கண்ணின் நிறமும் மங்கிவிடும். ஆகவே, நிறத்தைக் காப்பாற்ற ஓவியர் ஒருவரால்தான் முடியும்.

புத்தகப் படங்களுக்கும் இதே பாடுதான். அச்சில் கறுப்புக் கோடு மட்டுமே விழும். ஒவ்வொரு பிரதிக்கும் ஆட்கள் உட்கார்ந்து கையால் வண்ணம் பூசுவார்கள். பார்த்து எழுதுபவர் மஞ்சள் பாதத்தைக் கறுப்பாக்கினால், கொக்கின் அடையாளமே போய்விடும்!

கடல் கடந்த படங்கள்

தரங்கம்பாடியில் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். சிப்பி, மீன், பாம்பு என்று சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அவரோடு சரபோஜிக்குப் பழக்கம் இருந்தது.

தஞ்சையில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர் பெஞ்சமின் டோரின். பறவை, விலங்குப் படங்கள் கொண்ட தொகுதி ஒன்று அவரிடம் போய்ச் சேர்ந்தது. இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

நோயாளியின் கண்

படம் வரைந்து வைக்கும் பழக்கம் பறவையோடு நிற்கவில்லை. தன்வந்திரி மகாலில் மருந்து ஆராய்ச்சி நடந்தது. அரண்மனையில் கண் சிகிச்சையும் நடந்தது. வந்த நோயாளி யார், என்ன நோய், எப்படிக் குணமானது என்று குறிப்பு எழுதினார்கள். நோயுற்ற கண்ணையும் வண்ணத்தில் வரைந்து வைத்தார்கள்!

ஏடு நின்றது

1832 மார்ச் 7-ந் தேதி சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி மன்னரானார். அவர் 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், பெயருக்கு இருந்த அரசும் போனது.

புத்தகங்கள் போகவில்லை. 1918-ல் சரசுவதி மகால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 40,000-க்கும் அதிகமான சுவடிகள் அங்கே உள்ளன.

பறவைகளும் போய்விடவில்லை. மன்னார்குடிக்கு அருகே வடுவூர் ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. கார்த்திகை, மார்கழியில் அங்கே நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

அங்கே போனால் குழந்தைகளுக்குக் கொக்கைக் காட்டுங்கள். முதலில் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அலகு. பென்சில் எடுத்து வரைந்தால், அதைவிட நல்லது!