நிற்குமா, நிற்காதா?
(கணிப்பொறி மேதை ஆலன் டூரிங்)

போத்தனூர் என்றதும் நமக்குப் புகைவண்டிச் சந்திப்பு நினைவுக்கு வரும். ஆலன் டூரிங்கின் தாயார் ஈத்தல் சாரா 1881-ஆம் ஆண்டு பிறந்த ஊரும் அதுவே. பாட்டனார் சென்னை இரயில்வேயில் தலைமைப் பொறியாளர். தந்தையார் ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளர். ஆலன் 1912 ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியா திரும்ப, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற டூரிங், 1936-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றைய கணிப்பொறி அன்று இல்லை. நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியும் கணக்கிடும் ஓர் இயந்திரத்தை அவர் மனத்திலேயே அமைத்தார். அதிலிருந்து ஒரு பேருண்மை விளைந்தது. எந்தக் கட்டளைத் தொடரைக் கொடுத்தாலும் அது வேலை முடிந்து நிற்குமா, முடிவின்றிச் சுழலுமா எனத் தவறாமல் முன்னரே கூறும் பொதுவழி கிடையாது என்பதே அது. அப்படி ஒரு கருவி இருப்பதாகக் கொள்வோம். அது நிற்கும் என்றால் சுழலவும், சுழலும் என்றால் நிற்கவும் ஒரு தொடரை எழுதிவிடலாம். பிறகு கருவி எதைச் சொன்னாலும் பொய்யாகும் அன்றோ!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீட்டை உடைக்க அவர் வடிவமைத்த பொறி, முரண்பட்ட அமைப்புகளைத் தள்ளிக்கொண்டே ஓடும். முரண் காணாத இடத்தில் நிற்கும். நின்ற விடையும் மீண்டும் சோதிக்கப்பட்டது.

பொதுவழி இல்லை என்று அவர் சோர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே சோதிக்கலாம் என்று 1949-இல் கேம்பிரிட்ஜில் விளக்கினார். இந்த இடத்தில் இந்த மதிப்பு இப்படி இருக்க வேண்டும் என்று படிதோறும் எழுதிவைத்தால், பிழை எங்கே என்று பார்க்கலாம். சுற்றுக்குச் சுற்று குறைந்துவரும் ஓர் அளவைக் காட்டினால், நிரல் நிற்கும் என்பதும் உறுதியாகும்.

தா.பழூர் வயல்களில் ஓடும் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வற்றியதும் நின்றால் மோட்டார் பிழைக்கும். வெறுமனே ஓடினால் சுருள் கருகும். மதிப்பெண் பட்டியல் கூட்டும் நிரலும் அவ்வாறே. ஒரு மாணவியின் மதிப்பெண் விடுபட்டால், அவ்விடத்தைக் குறித்துக் காட்டிவிட்டு நிற்க வேண்டும். ஒன்றும் நடவாதது போல் ஓடினால் தவறான பட்டியலே சரியான பட்டியலாக உலவும்.

தன்பாலின உறவைக் குற்றமாகக் கருதிய அன்றைய சட்டம் 1952-இல் டூரிங்கைத் தண்டித்தது. 1954 ஜூன் 7-இல் தம் 41-ஆம் வயதில் அவர் மறைந்தார். பிரிட்டிஷ் அரசு 2009-இல் வருத்தம் தெரிவித்தது. 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. நாட்டின் பிழையும் திருத்தப்பட்டது. ஆனால் காண அவர் இல்லை.

தோழியரே, பிழை நேர்வது இயல்பு. அதைக் கண்ட இடத்திலேயே நின்று திருத்துவோம். நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம்.