500 ரூபாய் போதுமா? ஃபிராங்க்ளின் கதையைக் கேளுங்க!

மாசம் 500 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டுல போட்டு என்ன ஆகப்போகுதுன்னு யோசிக்கிறீங்களா? பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பாருங்க.

1706-ல் பாஸ்டனில் ஒரு மெழுகுவத்தித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 10 வயதில் படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை. 17 வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போனார். நண்பர்கள் கொடுத்த கடனில் சொந்த அச்சகம் தொடங்கி வளர்ந்தார்.

அந்த நன்றியை அவர் மறக்கலை. 1790-ல் இறந்தபோது இரண்டு ஊருக்கும் தலா 1,000 பவுண்ட் எழுதிவைத்தார். இளம் தொழிலாளிகளுக்கு 5 சதவீத வட்டியில் கடன் கொடுக்கணும், வட்டியையும் முதலோடு சேர்க்கணும், 200 வருஷம் பொறுக்கணும்.

நூறாவது வருஷம் ஒரு பங்கை எடுத்த பிறகும், 1990-ல் பாஸ்டன் கையில் சுமார் 50 லட்சம் டாலர். ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 20 லட்சம்தான்! ஒரே தொகை, ஒரே காலம். நிர்வகித்த விதம்தான் வேற.

அதனால தொகை சின்னதுன்னு தயங்காதீங்க. ஃபண்டை யார், எப்படி, எவ்வளவு செலவில் நடத்துறாங்கன்னு பார்த்துத் தேர்ந்தெடுங்க. அப்புறம், பொறுமையா இருங்க!